இரண்டு கோரா, நான்கு கோரா?

1998 ஆகஸ்ட் 24ஆம் தேதி இன்டெல் நிறுவனம் ஒரே நாளில் சில பிராசஸர்களைச் சந்தைக்கு விட்டது. அதில் இரண்டு மட்டும் நமக்கு வேண்டும். ஒன்று பென்டியம் II, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். காசு உள்ளவருக்கு அது, இல்லாதவருக்கு இது. இன்டெல் போட்ட கணக்கு அவ்வளவுதான். கணினி விளையாட்டுப் பைத்தியங்கள் அந்தக் கணக்கைக் கொஞ்ச நாளில் உடைத்துவிட்டார்கள்.

செலரான் என்ற பெயருக்கே அன்று மரியாதை கிடையாது. அதே வருடம் ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே இல்லை. பென்டியம் II அட்டையில் இருந்த கேஷ் சில்லுகளை எடுத்துவிட்டு வேறு பெயரில் விற்றார்கள். வேலை பார்க்கிற ஆளிடமிருந்து மேசையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. ஒவ்வொரு காகிதத்துக்கும் அவன் எழுந்து அலமாரிவரை போய்வர வேண்டும். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க வந்ததுதான் 300ஏ. இதில் 128 கிலோபைட் கேஷ். பென்டியம் II-இல் 512 கிலோபைட். ஆனால் பென்டியத்தின் கேஷ் வெளியே தனிச் சில்லுகளில் இருந்தது, பிராசஸரின் பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் கேஷ் அதே சில்லுக்குள்ளேயே, முழு வேகத்தில். அளவு கால்வாசிதான், ஓட்டமோ இரு மடங்கு. அன்றைய விளையாட்டுகளுக்கு அந்தச் சின்ன மேசையே தாராளமாகப் போதுமாக இருந்தது.

மீதி வேலையைப் பெருக்கல் வாய்ப்பாடு செய்தது. 300ஏ-இன் வேகம் என்பது மதர்போர்டின் பஸ் வேகமான 66ஐ 4.5ஆல் பெருக்கி வருவது. அந்த 4.5ஐ இன்டெல் பூட்டி வைத்திருந்தது. பஸ் வேகத்தைப் பூட்டவில்லை. அதை 66-லிருந்து 100 ஆக்கினால்? 450. அதாவது 669 டாலர் பென்டியத்தின் அதே எண். இதில் அழகு என்னவென்றால் 100 என்பது கள்ளத்தனமான வேகமே அல்ல. 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட போர்டுகள் பென்டியத்துக்காக அதிகாரபூர்வமாகவே 100இல் ஓடுபவை. அதனால் கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் எதுவும் தடுமாறவில்லை. ஏபிட் பிஎச்6 போன்ற போர்டுகளில் பயாஸ் மெனுவுக்குள் போய் மாற்றினால் முடிந்தது. அப்படி மெனு இல்லாத போர்டுகளுக்கு இன்னும் எளிய வைத்தியம்: பிராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரு தொடுமுனையின் மேல் துளி டேப் ஒட்டுவது. போர்டு ஏமாந்து 100க்குப் போய்விடும்.

எல்லாச் சில்லும் இதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் ஒத்துழைத்தவை ஏராளம். பட்ஜெட் கேமிங் என்று இன்று நாம் சொல்கிற பழக்கத்துக்கு ஒரு பிறந்தநாள் வைக்கச் சொன்னால் நான் இந்த ஆகஸ்ட் 24ஐத்தான் சொல்வேன்.

ஏன் இப்படி ஒரு ஓட்டை இருந்தது? சிலிக்கான் தொழிலைப் புரிந்துகொள்ள இட்லித் தட்டு போதும். ஒரே ஈட்டில் வெந்த இட்லிகளில் சிலவற்றின் ஓரம் உடைந்திருக்கும். உடைந்ததைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம், நியாயம்தான். ஆனால் மலிவு இட்லி கேட்டு வருகிறவர்கள் உடைந்த இட்லிகளைவிட அதிகமாகிவிட்டால் என்ன செய்வது? நல்ல இட்லியையே ஓரம் கிள்ளி விற்க வேண்டிவரும். பிராசஸர் கம்பெனிகள் இதைத்தான் இருபத்தைந்து வருடமாகச் செய்கின்றன. 2009இல் ஏஎம்டி விற்ற இரண்டு கோர் ஃபீனம் II சிலவற்றில், சரியான போர்டில் ஒரு பயாஸ் அமைப்பை மாற்றினால், தூங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டு கோர்களும் எழுந்து வந்தன. சிலருக்கு அந்தக் கோர்கள் உண்மையிலேயே பழுது. சிலருக்குப் பழுதே இல்லை. சாப்பிடுகிற நமக்கு நல்ல இட்லி வந்ததா உடைந்தது வந்ததா என்பது அதிர்ஷ்டம்.

இந்த மாதிரிக் கதைகளைப் பேசிக்கொண்டே போகலாம். ஏத்லான் மேல் பென்சிலால் கோடு கிழித்து வேகம் கூட்டிய கதையும் உண்டு. ஆனால் காசு குறைவாக உள்ளவரை நிஜமாகவே தூங்கவிடாமல் செய்த கேள்வி 2007க்குப் பிறகுதான் வந்தது. வேகமான கோர் கொஞ்சமாக வாங்குவதா, மெதுவான கோர் நிறைய வாங்குவதா?

கேள்வியைக் கிளப்பியது கோர் 2 குவாட் கியூ6600. 2007 ஜனவரியில் வந்தபோது விலை 851 டாலர், நம் பேச்சிலேயே இல்லாத பொருள். அதே வருடம் ஜூலையில் 266 டாலராக இறங்கியது. நான்கு கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ். நேர்மையாகச் சொன்னால் இரண்டு கோர் சில்லுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுதான். ஏஎம்டி தன்னுடையது மட்டுமே அசல் நான்கு என்று விளம்பரத்தில் கேலி செய்தது. அசலோ ஒட்டோ, ஓடியது. ஆறு மாதம் கழித்து, 2008 ஜனவரியில் இ8400 வந்தது. இரண்டே கோர், ஆனால் 3.0 கிகாஹெர்ட்ஸ், புதிய 45 நானோமீட்டர் தயாரிப்பு, சூடு குறைவு, 183 டாலர்.

எது? அன்றைய விமர்சனங்களைப் புரட்டினால் பதில் தெளிவாக இருக்கும். விளையாட மட்டும் என்றால் இ8400. வீடியோ எடிட்டிங் செய்பவர்தான் குவாட் வாங்க வேண்டும். வரைபடங்களும் அதைத்தான் காட்டின, ஏறக்குறைய எல்லா விளையாட்டிலும் இ8400க்குச் சில ஃப்ரேம்கள் அதிகம். பொய்யில்லை.

பதினோரு மாதம் போனது. 2008 டிசம்பரில் கணினிக்கு ஜிடிஏ IV வந்தது. அதன் பரிந்துரைக்கப்பட்ட பிராசஸர் என்று அட்டையில் போட்டிருந்தது கோர் 2 குவாட், 2.4 கிகாஹெர்ட்ஸ். கியூ6600-இன் அதே எண். எங்கள் கல்லூரி விடுதியில் அந்த விளையாட்டை இரண்டு கோர் கணினியில் ஓட்டிய அறை ஒன்று இருந்தது. கார் ஓட்டும்போது தெரு வந்துசேரும் முன்னே கார் போய்விடும். வெறும் சாம்பல் பரப்பு, ஒரு நொடி கழித்துக் கட்டடங்கள் பொத்து பொத்தென்று முளைக்கும். பார்க்க உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் சிரிப்போம், விளையாடுகிறவன் மட்டும் சிரிக்கமாட்டான். 2010இல் பேட்டில்ஃபீல்டு பேட் கம்பெனி 2 வந்தபோது நான்கு கோர் வேண்டும் என்பது வாக்குவாதமாகவே இல்லை. கியூ6600 வைத்திருந்தவர்கள் வேகத்தை 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றிக்கொண்டு இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டினார்கள்.

ஏன் மாறியது என்பதற்குக் காரணம் கணினி உலகத்தில் இல்லை, டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று கோர். அடுத்த வருடம் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் இன்னும் சிக்கலான ஏற்பாடு. பெரிய விளையாட்டுகளை எழுதுகிறவர்கள் முதலில் இந்தப் பெட்டிகளுக்குத்தான் எழுதுவார்கள். வேலையைத் துண்டு போட்டுப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அவர்கள் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வருடம் பிடித்தது. கற்றுக்கொண்டதும் இரண்டு கோர் கணினிகள் பின்தங்கிவிட்டன. 2008 ஜனவரியில் எழுதிய விமர்சகர் அன்று கடையில் இருந்த விளையாட்டுகளை வைத்து அளந்தார். வாங்கியவரோ அடுத்த ஐந்து வருடம் வரப்போகும் விளையாட்டுகளுக்காக வாங்கினார். விமர்சகருக்கு அடுத்த மாதம் இன்னொரு பிராசஸர் கூரியரில் வரும். நமக்கு வராது. பணம் இருப்பவருக்குத் தப்பான தேர்வு என்பது ஒரு வருட எரிச்சல்; ஒருமுறை மட்டும் வாங்கக்கூடியவருக்கு அது கல்லூரி முடியும்வரை கூடவே வரும்.

அப்படியென்றால் எப்போதும் கோர் அதிகமானதை வாங்கு என்று சட்டம் போட்டுவிடலாமா? முடியாது. 2011 அதற்குச் சாட்சி.

அந்த வருடம் ஜனவரியில் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையை வெளியிட்டது. ஐ5-2500கே, நான்கு கோர், 216 டாலர். ஐ7-2600கே, அதே நான்கு கோர், ஆனால் ஒவ்வொரு கோரும் இரண்டு த்ரெட்களை ஒன்றாக ஏற்கும், 317 டாலர். அக்டோபரில் ஏஎம்டியின் பதில், எஃப்எக்ஸ்-8150. எட்டு கோர், 245 டாலர். எட்டு! கியூ6600 கதையைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த எட்டில் ஒரு சூட்சுமம். இரண்டிரண்டு கோர்களை ஒரு தொகுதியாகக் கட்டி, தசம எண்களைக் கணக்கிடும் பகுதியை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள். ஒரே அடுப்பை இரண்டு குடித்தனம் பகிர்ந்துகொள்வது போல. தனித்தனியாகப் பார்த்தாலும் ஒவ்வொரு கோரும் இன்டெல் கோரைவிட மெலிந்தது. இதைக் கோர் என்று சொல்வதே ஏமாற்று என்று 2015இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2019இல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

ஒரு கோரின் பலம் ஏன் இவ்வளவு முக்கியம்? நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. கல்யாண வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க எட்டுப் பேரை விடலாம், வேலை எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். ஆனால் எப்போது பருப்பைக் கொட்டுவது, எப்போது புளி விடுவது, எந்தப் பந்திக்கு எது போக வேண்டும் என்பதைத் தலைமைச் சமையல்காரர் ஒருவர்தான் வரிசையாகச் சொல்ல முடியும். அவர் தூங்குமூஞ்சி என்றால் எட்டுப் பேரும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு விளையாட்டிலும் இப்படி ஒரு தலைமை த்ரெட் உண்டு. எத்தனை கோர் சேர்த்தாலும் பிரிக்க முடியாத அந்தப் பகுதிதான் கடைசி எல்லையை வகுக்கும் என்று ஜீன் ஆம்டால் 1967லேயே சொல்லிவிட்டார். எஃப்எக்ஸ் சமையலறையில் ஆள் நிறைய, தலைமைச் சமையல்காரர் சோர்வு.

இருந்தும் எஃப்எக்ஸ் மேல் நம்பிக்கை சாகவில்லை. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்தன. இரண்டிலும் ஏஎம்டியின் எட்டு கோர். “பாருங்க, இனிமே எல்லா கேமும் எட்டு கோருக்குத்தான் எழுதுவாங்க, எஃப்எக்ஸ் ஜெயிக்கும்” என்ற பேச்சு எங்கும் கேட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 பாடத்தை வைத்துப் பார்த்தால் நியாயமான ஊகம். ஆனால் அந்த எட்டும் ஜாகுவார் என்ற, மலிவு மடிக்கணினிகளுக்குச் செய்த கோர்கள். பிளேஸ்டேஷனில் 1.6 கிகாஹெர்ட்ஸ், எக்ஸ்பாக்ஸில் 1.75. அத்தனை மெதுவான எட்டுப் பேர் செய்கிற வேலையை, மேசைக் கணினியின் பலமான நான்கு பேர் செய்து முடித்துவிட்டு ஓய்வும் எடுப்பார்கள். அதனால் 2500கே விழவில்லை. எஃப்எக்ஸ் சில விளையாட்டுகளில் பிற்காலத்தில் எட்டிப்பிடித்தது, அவ்வளவுதான். நான்கு கோர் நிஜமாகவே மூச்சுத் திணறியது 2016 அக்டோபரில் பேட்டில்ஃபீல்டு 1 வந்து, அறுபத்து நான்கு பேர் ஒரே மைதானத்தில் சுட்டுக்கொண்டபோதுதான். அப்போது நன்றாகத் தாக்குப்பிடித்தது எது தெரியுமா? 2600கே. விளையாடுகிறவனுக்கு அந்த எட்டு த்ரெட் வீண், நூறு டாலரை மிச்சம் பிடித்து நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கு என்று 2011இல் எல்லோரும் சொன்ன அதே 2600கே. அந்த அறிவுரை மூன்று நான்கு வருடத்துக்குச் சரி. ஆறு வருடத்துக்குச் சரியில்லை.

இதே 2011இல், செப்டம்பரில், டெக் ரிப்போர்ட் என்ற தளத்தில் ஸ்காட் வாசன் ஒரு கட்டுரை எழுதினார். என் கணக்கில் இந்த வரலாற்றிலேயே முக்கியமான எழுத்து அது. அதுவரை எல்லோரும் ஒரு நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃப்ரேம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாசன் ஒவ்வொரு ஃப்ரேமும் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று தனித்தனியாக அளந்தார். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லிநொடியில் வர வேண்டும். 59 ஃப்ரேம் சரியாக வந்து ஒன்றே ஒன்று 150 மில்லிநொடி எடுத்தால் சராசரி பெரிதாக அசையாது. ஆனால் உங்கள் கண் அசையும், கை தடுமாறும், எதிரி சுட்டுவிடுவான். பேருந்து சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று சொல்லி மூன்றை ஒன்றாக அனுப்பிவிட்டு அரை மணி நேரம் காக்கவைப்பதில்லையா, அதே விஷயம்.

குறைந்த கோர் பிராசஸர்களின் குட்டு இந்த அளவையில்தான் உடைந்தது. சராசரியில் அவை தேறிவிடும். தலைமை த்ரெட் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் வேறு வேலை எழுந்தால் உட்கார இடம் இருக்காது, திரை ஒரு கணம் திக்கி நிற்கும். இன்று யூடியூபில் பழைய பிராசஸர்களை ஒப்பிடுபவர்கள் சராசரிக்குக் கீழே ஒரு சதவீத எண் என்று ஒன்றைப் போடுகிறார்களே, அதன் வேர் இங்கே. பழைய பிராசஸர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கீழ் எண்ணைத்தான்.

திக்குவதாவது பரவாயில்லை. சில பிராசஸர்களுக்கு விளையாட்டே கதவைத் திறக்காது.

2014 நடுவில் இன்டெல் ஒரு பரிசு கொடுத்தது. பென்டியம் என்ற பெயருக்கு இருபது வயதானதைக் கொண்டாட பென்டியம் ஜி3258. 72 டாலர். இரண்டே கோர், இரண்டே த்ரெட், ஆனால் பெருக்கல் எண் பூட்டில்லாமல் திறந்து விடப்பட்டது. சாண்டி பிரிட்ஜில் இருந்தே பஸ் வேகத்தை ஏற்றும் வழி அடைக்கப்பட்டு, கே என்ற எழுத்துள்ள விலை உயர்ந்த மாடல்களில் மட்டும் வேகம் கூட்டலாம் என்று ஆகியிருந்தது. அதனால் இது 300ஏ-இன் மறுபிறவி என்று கொண்டாடினார்கள். 3.2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் 4.5க்கு ஏறியது. அன்றைய பல விளையாட்டுகளில் மூன்று மடங்கு விலையுள்ள பிராசஸர்களோடு தோள் உரசியது.

நவம்பரில் ஃபார் க்ரை 4 வந்தது. டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனும் வந்தது. இரண்டு கோர் மட்டும் உள்ள கணினியில் ஃபார் க்ரை 4ஐத் திறந்தால் கறுப்புத் திரை. மெதுவாக ஓடவில்லை, ஓடவே இல்லை. மூன்றாவது கோர் ஒன்று இருக்கும் என்று நம்பி வேலையை அங்கே அனுப்பியிருந்தார்கள். அந்த எண்ணில் வீடே இல்லை. இரண்டு கோர்தான் என்றாலும் நான்கு த்ரெட் காட்டிய ஐ3 வைத்திருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வேகம் எத்தனை இருந்து என்ன, தலை எண்ணும் வாசலில் இரண்டு பேர் குறைந்தால் அனுமதி இல்லை. விளையாடுபவர்கள் சிலர் குறுக்கு நிரல் எழுதி அந்தப் பூட்டையும் உடைத்தார்கள் என்பது வேறு விஷயம். 72 டாலருக்குப் பிராசஸர் வாங்கியவர் நான்கு மாதத்தில் குறுக்கு நிரல் தேட வேண்டியிருந்தது.

கோர் எண்ணிக்கை தவிர இன்னொரு வாசலும் உண்டு, அது இன்னும் மௌனமானது. பிராசஸருக்குத் தெரிந்த கட்டளைகளின் பட்டியல். 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது, ஃபீனம் II கணினிகளில் ஓட மறுத்தது. எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுப்பு அவற்றுக்குத் தெரியாது. 2018இல் அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி, ஏவிஎக்ஸ் தெரியாத பிராசஸர்களைத் திருப்பி அனுப்பியது. இரண்டையும் பிறகு திருத்தினார்கள். ஆனால் அடையாளம் தெளிவு. ஏவிஎக்ஸ் வந்தது 2011இல் சாண்டி பிரிட்ஜோடு. அதற்கு முந்தைய எதுவும் இனி ஆபத்து. ஏவிஎக்ஸ்2 வந்தது 2013இல் ஹாஸ்வெல்லோடு. அடுத்த கோடு அங்கே விழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது சென்னைக்கு வருவோம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதன் கிளைகளான நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவிலும் பழைய பிராசஸர் என்பது வரலாறு இல்லை, நடப்புச் சரக்கு. அலுவலகங்கள் தள்ளிவிட்ட கணினிகள் மொத்தமாக வந்து இறங்குகிற இடம். “தம்பி, ஐ7 இருக்கு, எடுத்துக்க” என்பார்கள். எத்தனையாவது தலைமுறை அண்ணா என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும். 2011-இன் ஐ7 வேறு, 2018-இன் ஐ5 வேறு, பின்னது முன்னதைத் தூக்கிச் சாப்பிடும். பெட்டியின் மேல் இருக்கும் ஸ்டிக்கர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று.

உலகம் முழுக்க இந்தத் தள்ளிவிட்ட சரக்குதான் ஏழை விளையாட்டுக்காரனின் சுரங்கம். கோர் 2 காலத்துச் சர்வர்களில் இருந்த ஸியான் பிராசஸர்கள் 771 என்ற சாக்கெட்டுக்கானவை, நம் போர்டுகளில் இருந்தது 775. வித்தியாசம் எவ்வளவு? இரண்டு தொடுமுனைகள் இடம் மாறியிருந்தன. அதை மாற்றிவிட ஒரு சின்ன ஸ்டிக்கர், சாக்கெட் ஓரத்தில் இருக்கும் இரண்டு மொட்டுகளைச் சீவ ஒரு பிளேடு. இவ்வளவு போதும், இ5450 போன்ற 12 மெகாபைட் கேஷ் உள்ள நான்கு கோர் ஸியான் உங்கள் பழைய போர்டில் உட்கார்ந்துவிடும். 2012இல் 1,500 டாலருக்கு மேல் விற்ற எட்டு கோர் இ5-2670, டேட்டா சென்டர்கள் கழித்துப்போட்ட பிறகு 2016இல் சுமார் 70 டாலருக்குக் கிடைத்தது. அதற்குப் போர்டு இல்லையே என்றபோது, பழைய சிப்செட்களைப் பிடுங்கிப் புதுப் போர்டில் பொருத்தி விற்கச் சீனத்து ஆட்கள் முன்வந்தார்கள்.

ஒரு காலத்தில் இதைவிடச் சுலபமான வழியும் இருந்தது. சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ், ஹாஸ்வெல் காலங்களில் இ3 வகை ஸியானைச் சாதாரணப் போர்டிலேயே போடலாம். கிராபிக்ஸ் பகுதி மட்டும் இல்லாத ஐ7 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐ5க்கு நெருக்கமான விலையில். 2015இல் ஸ்கைலேக் வந்ததும் இன்டெல் இந்தக் கதவைச் சாத்தியது. சாக்கெட் அதே வடிவம், ஆனால் ஸியானுக்குத் தனிச் சிப்செட் வேண்டும் என்றார்கள். 2017இல் ஆறு கோர் ஐ5-8400 வந்தபோது இன்னொரு கதவு. அதே 1151 சாக்கெட், பார்த்தால் ஒன்றேதான், பழைய போர்டில் ஓடாது. எட்டாயிரம் ரூபாய்ப் போர்டு வைத்திருந்தவரிடம், பிராசஸரை மட்டும் மாற்ற முடியாது, எல்லாவற்றையும் தூக்கிப்போடு என்று சொன்னதற்குச் சமம். சரித்திரத்தில் மலிவு விலைக்காரர்களை அதிகம் கோபப்படுத்தியது வேகமோ கோரோ அல்ல, இந்தச் சாக்கெட் விவகாரம்தான் என்று நினைக்கிறேன்.

அதே 2017இல்தான் ஏஎம்டி ரைசனோடு திரும்பி வந்தது. மீண்டும் பழைய கேள்வி, புது எண்கள்: இன்டெல்லின் ஐ5-7600கே, நான்கு கோர் நான்கு த்ரெட், 242 டாலர், ரைசன் 5 1600, ஆறு கோர் பன்னிரண்டு த்ரெட், 219 டாலர். வெளியான அன்று சராசரி ஃப்ரேமில் 7600கே முன்னே. இந்த முறை எஃப்எக்ஸ் போல இல்லை, ரைசனின் தனிக் கோரும் போதிய பலத்தோடு இருந்தது. இரண்டு வருடத்தில் 7600கே திக்க ஆரம்பித்துவிட்டது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் எட்டு ஜென் 2 கோர்கள். ஜாகுவார் போல இரக்கப்பட வேண்டிய கோர்கள் இல்லை, மேசைக் கணினிக்கான அசல் சரக்கு. நான்கு கோர் நான்கு த்ரெட்டுக்கு அதோடு கதை முடிந்தது.

1600 வாங்கியவருக்கு அதைவிடப் பெரிய லாபம் சாக்கெட்டில் இருந்தது. ஏஎம்4. 2020 மே மாதம் ஏஎம்டியும் இன்டெல் வழியில் போகப் பார்த்தது. புதிய 5000 வரிசை பழைய 400 வரிசைப் போர்டுகளில் ஓடாது, பயாஸ் சில்லில் இடமில்லை என்றது. வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் அதே மாதம் பின்வாங்கியது. 2022இல் முதல் தலைமுறை 300 வரிசைப் போர்டுகளுக்கும் அனுமதி கிடைத்தது. அதாவது 2017இல் வாங்கிய பி350 போர்டில், 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி உட்காரும். சில்லின் மேல் சில்லாகக் கேஷை அடுக்கி மொத்தம் 96 மெகாபைட் கொண்ட பிராசஸர் அது. செலரான் 300ஏ-இல் 128 கிலோபைட் கேஷைப் பக்கத்திலேயே வைத்து ஜெயித்ததும் இதே தந்திரம்தான். தூரத்து அலமாரிக்கு நடக்கிற நேரத்தை மிச்சம் பிடிப்பது.

போன மாதம் என் அக்கா பையன் வாட்ஸப்பில் கேட்டான். “மாமா, என்கிட்ட 1600 இருக்கு. 5500 போதுமா, 5600 வாங்கவா?” இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பெயரில் நூறு எண் வித்தியாசம். ஆனால் 5500 உண்மையில் மடிக்கணினி வகைச் சில்லில் இருந்து வந்தது. மூன்றாம் நிலை கேஷ் 16 மெகாபைட், 5600-இல் 32. பெரிய விளையாட்டுகளில் அந்தப் பாதி மேசைதான் கீழ் எண்ணை இழுத்துக்கொண்டு போகும். 5600 என்றேன். ஐ3-12100எஃப் பற்றியும் கேட்டான். நல்ல பிராசஸர், ஒரு கோரின் பலத்தில் 5600க்குச் சளைத்ததில்லை, ஆனால் நான்கே கோர், போர்டும் புதிதாக வாங்க வேண்டும். 2008 ஜனவரி ஞாபகம் வந்தது. பழைய ஐ7 கணினி ஒன்று மலிவாக வருகிறதே என்றான். வேண்டாம் என்றதற்குக் காரணம் வேகம்கூட இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில் இருந்து தொடங்குகிறது, ரைசனில் 2000 வரிசையில் இருந்து. அவனுடைய 1600கூட அதில் இல்லை. அவன் விளையாடுகிற வேலரன்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் இல்லாமல் திறக்காது. போதாததற்கு 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமையும் போர்டையும் வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றுவதுதான் அவன் காசுக்கு ஆகக்கூடியது.

ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். பழைய போர்டுக்குப் புதிய பிராசஸரை அடையாளம் தெரியாது. முதலில் 1600 உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும், மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்து. பிறகுதான் கழற்ற வேண்டும். புதியதைப் போட்டதும் திரை கறுப்பாகவே நின்றால் பழையதைத் திரும்ப மாட்டித்தான் சரிபார்க்க முடியும். அதனால் 5600 ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை, பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த 1600ஐ விற்றுவிடாதே என்றேன்.